சாமிக் கட்டும் நூறு திரியும்

3 ஆகஸ்ட் 1961, வியாழன்

காலையில் ஐந்தரைக்கே பாடத்துக்கு உட்கார்ந்தோம். ஏழு மணிக்குள் இவர் நான்கு கொட்டாவி, இரண்டு காப்பி, ஒரு கணக்கு. அந்த ஒரு கணக்கும் தப்பு.

கூட்டு வட்டி, தள்ளுபடி, தவணைத் தொகை எல்லாம் இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே விடை சொல்லிவிடுவார். பி.காம். பரீட்சையில் மற்ற பேப்பர் எல்லாம் பாஸ். புள்ளியியல் ஒன்றுதான் காலை வாருகிறது. இரண்டு தடவை பெயில். செப்டம்பர் பதினெட்டாம் தேதி மூன்றாவது தடவை. நிச்சயமான எண்களோடுதான் இவருக்குச் சிநேகம். 'இருக்கலாம், இல்லாமலும் போகலாம்' என்று பேசுகிற எண்களைக் கண்டால் நெளிய ஆரம்பித்துவிடுகிறார்.

நேற்று சாப்பாட்டில் மாமா இலையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஏலே வெள்ளத்துரை, இந்தத் தடவையும் கோட்டை விட்டேன்னு வையி, வெடிக் கம்பெனிச் சாவி சாத்தூர் மாப்பிள்ளை கைக்குப் போயிரும். ஆமா, சொல்லிட்டேன்." சாத்தூர் மாப்பிள்ளை என்றால் இவருடைய தங்கை புருஷன். இவர் மோரை ஊற்றிக்கொண்டார்.

மாமா நாலாங்கிளாஸ். கம்பெனி லெட்டர் பேப்பரில் 'காசிராஜன் அண்ட் சன்' என்பதற்குக் கீழே 'பி.காம்.' என்று அச்சடித்துப் பார்க்க வேண்டும், அதுதான் அவருக்கு வேண்டும். நான் மதுரையில் இன்டர்மீடியட் கணக்கு எடுத்துப் படித்தவள். பரீட்சை எழுதுவதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. பத்திரகாளி கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தது, நான் திருத்தங்கல் வந்தேன். "அம்மா எடுத்துக் குடுத்த மருமக" என்று மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். சிவப்பு வந்திருந்தால் நான் பி.எஸ்ஸி. முடித்திருப்பேன். சரி, விடு.

8 ஆகஸ்ட், செவ்வாய்

சராசரி வந்தது. ஸ்டாண்டர்டு டீவியேஷன் வரவில்லை. சண்டை.

13 ஆகஸ்ட், ஞாயிறு

புத்தகத்தில் பல்பு கணக்கு. நூறு பல்பு, ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் எரிந்தது, சராசரி எடு, அதிலிருந்து எவ்வளவு சிதறி இருக்கிறது பார். இவர் புத்தகத்தை மூடினார்.

"எவன் ஆயிரம் மணி நேரம் பல்புக்குக் கீழ உக்காந்து பாத்தான்? நம்ம வீட்டுல மொத்தமே நாலு பல்பு, அதுவும் சாயந்திரமானா மினுக் மினுக்குங்குது. பல்பெல்லாம் எனக்கு மனசுல ஏறாது பொன்னு."

"பின்ன எதுதான் ஏறும்?"

"திரின்னா ஏறும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விடவில்லை. அணுகுண்டு வெடியில் செருகுகிற திரிதானே, அதுவும் எரிகிறது, அதற்கும் நேரம் இருக்கிறது, பல்புக்குப் பதில் திரி. கம்பெனியிலிருந்து நூறு திரி எடுத்து வாருங்கள், கொளுத்தி நேரம் பார்த்து, அதையே கணக்காகப் போடுவோம் என்றேன். ஒரு திரி ஏழு விநாடி எரிய வேண்டும் என்பது மாமாவின் சட்டம். கொளுத்தினவன் பத்தடி ஓடுவதற்கு அந்த ஏழு விநாடி.

இவர் முகம் இந்த மாதத்தில் முதல் தடவையாகத் தெளிந்தது. பாவம்.

15 ஆகஸ்ட், செவ்வாய்

சுதந்திர தினம், கம்பெனி லீவு. இவர் நேற்றே கோடவுனில் அடுக்கியிருந்த கட்டுகளிலிருந்து அங்கே ஒன்று இங்கே ஒன்றாக உருவி, தூக்குச்சட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். பின்கட்டில் துவைக்கிற கல்லை நனைத்துத் துடைத்து, வாளி நிறையத் தண்ணீர் வைத்து, ஒவ்வொன்றாகக் கொளுத்தினோம். இவர் கையில் ஊதுவத்தி. என் கையில் அப்பா கல்யாணத்துக்குப் போட்ட கடிகாரமும் நோட்டும்.

அத்தை இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்கள். "பண்டிகை இன்னும் மூணு மாசம் கெடக்கு, அதுக்குள்ள புருசனும் பொண்டாட்டியும் வெடிக் கொண்டாட்டமா?" என்றார்கள். "பாடம் படிக்கோம்மா" என்றார் இவர். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நூறு திரிக்கும் மொத்தம் 683 விநாடி. நூறால் வகுத்தால் 6.83. இவர் குதித்தார். "பாத்தியா, ஏழுகிட்ட வந்திருச்சு! நம்ம சரக்குன்னா சும்மாவா?"

பிறகு டீவியேஷன். ஒவ்வொரு திரியும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, அதை வர்க்கமாக்கு, கூட்டு, நூறால் வகு, மூலம் எடு. இவரே போட்டார். தப்பில்லாமல் போட்டார்! 1.8 வந்தது. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

இதை எழுதும்போதுதான் நோட்டைத் திரும்பப் பார்க்கிறேன். 2, 3, 2½, 1½, 3, 2½, 3, 2, 2½. ஒன்பது திரி மூன்று விநாடிக்குள் முடிந்திருக்கிறது. எட்டு திரி பதினொன்று வரை இழுத்திருக்கிறது. அந்த எட்டும் இந்த ஒன்பதைத் தூக்கிப் பிடித்துச் சராசரியை அழகாக்கிவிட்டன. ஆனால் ஒன்றரை விநாடியில் எவன் ஓடுவான்? அடுத்தவன் வெடி பதினொரு விநாடி எரிந்தது என்று இவன் விரல் பிழைக்குமா?

கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில் கணக்கு என்ன சொல்கிறது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

16 ஆகஸ்ட், புதன்

போர்மேன் அய்யாதுரை அண்ணாச்சி எழுதுகிற சோதனை நோட்டை இவர் கேட்டு வாங்கி வந்தார். வெள்ளிதோறும் பத்துத் திரி கொளுத்தி எழுதுகிறார். ஏழு, ஆறரை, ஏழு, ஏழரை, ஏழு. ஒரு வருஷத்துச் சோதனையில் ஆறுக்குக் கீழே ஒரு எண்கூட இல்லை.

அண்ணாச்சி பொய் எழுதுகிற ஆள் இல்லை. பிறகு எப்படி? நாங்கள் கொளுத்தினதும் அதே கோடவுன் திரிதானே? ஒன்றும் ஓடவில்லை. ரசத்துக்கு உப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை.

18 ஆகஸ்ட், வெள்ளி

இன்றைக்கு விஷயம் பிடிபட்டது.

வீட்டுப் பெண்கள் கம்பெனிக்குள் போவது வெள்ளிக்கிழமை பூசைக்கு மட்டும்தான். அத்தையோடு போனேன். பத்திரகாளி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் ஒரு திரிக்கட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து. வாரத்தின் முதல் கட்டு சாமிக்கு. அதைக் கட்டுவது எப்போதும் ராமுத்தாய். முப்பது வருஷமாகத் திரி சுற்றுகிறவள். பூசை முடிந்ததும் அய்யாதுரை அண்ணாச்சி அந்தக் கட்டிலிருந்து பத்துத் திரியை எடுத்து அம்மாவுக்கு முன்னாலேயே கொளுத்தினார், நேரம் பார்த்தார், நோட்டில் எழுதினார். படையலும் அதுதான், சோதனையும் அதுதான்.

நான் ராமுத்தாயிடம் மெல்லக் கேட்டேன்: "சாமிக் கட்டுக்குத் திரி எப்படிக்கா எடுக்குறீக?"

"என்ன தாயி இப்படிக் கேக்குறீக? சாமிக்குல்ல! நல்ல வெயில்ல காஞ்சதாப் பாத்து, நானே இறுக்கிச் சுத்தி, கோணமாணல் இல்லாம பொறுக்கி வச்சிருவேன். கண்டதைக் கட்டிச் சாமி முன்னால வைக்க முடியுமா?"

எங்கள் அப்பா விருதுநகரில் வத்தல் வியாபாரம். மூட்டை வாயில் தெரிகிற வத்தலைப் பார்த்து அப்பா ஒருநாளும் விலை பேசினதில்லை. வாயில் நல்லதைத்தான் வைப்பான், அது மனுஷ குணம், அதில் குற்றம் சொல்லக் கூடாது என்பார். குத்தூசியை மூட்டையின் வயிற்றில் குத்தி உள்ளே இருப்பதை எடுத்துப் பார்ப்பார். சின்ன வயதிலிருந்து பார்த்துவிட்டு, இதைப் புத்தகத்தில் 'சாம்ப்ளிங்' என்று படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வரவே இல்லை. இன்றைக்கு வந்தது.

ஒரு வருஷமாக நாங்கள் மூட்டை வாயைத்தான் சோதித்திருக்கிறோம்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

இவரிடம் சொன்னேன். புரிந்தது. நான் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே புரிந்துவிட்டது, அதுதான் ஆச்சரியம். முகம் வெளுத்துப்போனது.

"மாமாகிட்ட சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல? ரெண்டு தடவை பெயிலானவன் வந்து, சாமி முன்னால பாக்குற சோதனை தப்புன்னு சொல்லணுமா? பரீட்சை முடியட்டும் பொன்னு. பாஸ் பண்ணிட்டுச் சொன்னா காது குடுப்பாரு."

பரீட்சை முடிந்து ரிசல்ட் வர அக்டோபர் கடைசியாகிவிடும். அதற்குள் சரக்கு எங்கே இருக்கும்? கேட்டேன். எழுந்து போய்விட்டார்.

29 ஆகஸ்ட், செவ்வாய்

ஒன்பது நாளாக இரண்டு பேருக்கும் பேச்சு கணக்கில் மட்டும்தான். நல்ல மார்க் வாங்குவார் போலிருக்கிறது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லையே!

2 செப்டம்பர், சனி

சொல்லிவிட்டார்! நாக்பூர் ஆர்டர் வந்ததுதான் காரணம். முப்பத்திரண்டாயிரம் அணுகுண்டு. திரி 640 கட்டு தயாராகக் கோடவுனில் இருக்கிறது, கட்டுக்கு ஐம்பது. பதினாறாம் தேதி சனிக்கிழமை வெடியில் செருக ஆரம்பிக்கிறார்கள். செருகிவிட்டால் பிறகு எடுக்க முடியாது. இவர் மதியம் சாப்பிடாமல் எழுந்து மாமா முன்னால் போய் நின்றார். நான் கதவுக்குப் பின்னால்.

"அப்பா, திரி நூத்துக்கு ஒம்போது பாய்ச்சலா எரியுது. கொளுத்தினவன் கையை எடுக்குறதுக்குள்ள வெடிச்சிரும்."

மாமா கோபப்படவில்லை. அது இன்னும் மோசம். அய்யாதுரை அண்ணாச்சியை வரச் சொல்லி, கோடவுனிலிருந்து ஒரு கட்டு, எந்தக் கட்டாவது ஒன்று, கொண்டுவரச் சொன்னார். வாசலில் நின்று தானே பத்துத் திரி கொளுத்தினார். ஏழு, ஏழு, ஆறரை, எட்டு... பத்தும் பதமாக எரிந்தன. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எரி, ஒன்றாவது பாய்ந்து எரி என்று வேண்டிக்கொண்டு. அப்படி வேண்டுகிறோமே என்று என் மேலேயே எனக்கு வெறுப்பு.

மாமா கையைத் தட்டிக்கொண்டார். "எங்கலே பாயுது? பரீட்சைப் பயத்துல உனக்குத்தான் நெஞ்சு பாயுது. போ, போய்ப் படி. அம்மா பாக்காத சோதனையா?"

அய்யாதுரை அண்ணாச்சி தரையைப் பார்த்தார். இவர் மாடிக்குப் போனவர் சாயந்திரம் வரை இறங்கவில்லை.

3 செப்டம்பர், ஞாயிறு

லாகரிதம் டேபிள் எடுத்து உட்கார்ந்தேன். நூற்றில் ஒன்பது கெட்டது என்றால், எடுத்த பத்தும் நல்லதாகவே வர எவ்வளவு வாய்ப்பு? 0.91-ஐப் பத்துத் தடவை பெருக்கினால் 0.39. அதாவது மாமா நேற்று மாதிரி நூறு நாள் வாசலில் நின்று கொளுத்தினால் முப்பத்தொன்பது நாள் எங்கள் மூக்கு உடையும். நேற்று அந்த முப்பத்தொன்பதில் ஒரு நாள். அவ்வளவுதான். அவர் பொய்யுமில்லை, நாங்கள் பொய்யுமில்லை.

இவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "ஒரு நாளைக்குப் பத்து பத்தலை. எத்தனை கொளுத்தினா தப்பவே முடியாது?" என்றார். நாற்பது போட்டுப் பார்த்தோம். நாற்பதும் நல்லதாக வர நூற்றுக்கு இரண்டுதான். அதுவும் ஒரே கட்டில் எடுக்கக் கூடாது, நாற்பது கட்டில் நாற்பது.

சரி, யார் கொளுத்த விடுவார்கள்?

7 செப்டம்பர், வியாழன்

விரல் இல்லாத கையாகக் கண்ணில் தெரிகிறது. நாக்பூரில் யாரோ. பெயர் தெரியாது, முகம் தெரியாது, கை மட்டும் தெரிகிறது.

9 செப்டம்பர், சனி

பூக்கட்டிப் பார்ப்பது!

பக்கத்து வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், கோயிலுக்குப் பூக்கட்டிப் பார்க்கப் போகிறோம், வாரீகளா என்று அத்தையைக் கூப்பிட வந்தார்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

பூக்கட்டிப் பார்ப்பதில் யார் கைக்கும் வேலை இல்லை. பொட்டலத்துக்குள் எது என்று எடுக்கிறவருக்கும் தெரியாது. புத்தகத்தில் பக்கம் பக்கமாகச் சொல்லுகிற 'ரேண்டம்' வேறென்ன? சாமிக் கட்டை ராமுத்தாய் பொறுக்கி வைக்க வேண்டாம். எந்தக் கட்டு தனக்கு வேண்டும் என்று அம்மாவே சொல்லட்டும். 640 கட்டுக்கும் நம்பர் போட்டு, 640 சீட்டு எழுதி, கண்ணை மூடி நாற்பது எடுக்க வேண்டியது. அம்மா கேட்ட கட்டிலிருந்து அம்மாவுக்குத் திரி. மாமா இதற்கு எப்படி முடியாது என்பார்? பூக்கட்டிப் பார்த்துத்தானே என்னைக் கொண்டுவந்தார்!

இது சூதா? சாமியை வைத்து மாமாவை மடக்குகிறேனா? அப்படித் தோன்றவில்லை. அப்படித் தோன்றாதது கொஞ்சம் பயமாக இருக்கிறது.

12 செப்டம்பர், செவ்வாய்

இந்தத் தடவை நானே கேட்டேன். காப்பி கொண்டு போய் வைத்துவிட்டு நின்றேன்.

"மாமா, சாமிக் கட்டை மனுசங்க பொறுக்கி வைக்கிறதைவிட அம்மாவையே கேட்டு எடுத்தா என்ன? பெரிய ஆர்டரு. சீட்டுப் போட்டுப் பாப்போம்."

மாமா என்னையே பார்த்தார். நாலாங்கிளாஸ்தான், ஆனால் யார் எங்கிருந்து எதை உருட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று தெரியாத ஆள் இல்லை. "எத்தனை சீட்டு ஆத்தா?" என்றார்.

"நாப்பது."

"நாப்பதா! அம்மாவுக்கு அம்புட்டுப் பசியா?" காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு, "சரி. வெள்ளிக்கிழமை. நாப்பதும் பதமா எரிஞ்சா, அதுக்கப்புறம் இந்தப் பேச்சு இந்த வீட்டுல இருக்கப்படாது. அவன் பாஸ் பண்ணினாலும் சரி, பண்ணாட்டியும் சரி."

நூற்றுக்கு இரண்டு. அந்த இரண்டு இப்போது மலை மாதிரி தெரிகிறது.

இவர் படிப்பை நிறுத்திவிட்டுச் சீட்டு எழுதுகிறார். "படிங்க, திங்கக்கிழமை பரீட்சை" என்றேன். "இதுவும் அந்தப் பாடந்தானே" என்கிறார்.

15 செப்டம்பர், வெள்ளி

எழுதவே கை வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பூசை முடிந்தது. நார்ப்பெட்டியில் 640 சீட்டு. அத்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அய்யாதுரை அண்ணாச்சி நம்பரைப் படிக்க, ராமுத்தாய் அந்தக் கட்டைத் தேடி ஒரு திரியை உருவிக் கொண்டுவர, இவர் கல்லில் வைத்துக் கொளுத்தினார். காற்று அடித்தது. திரி உருண்டுவிடாமல் அடியை வலது கை விரலால் அழுத்திக்கொண்டு, இடது கை ஊதுவத்தியால் நுனியில் நெருப்பு வைத்தார். நான் கடிகாரம்.

ஆறு திரி சரியாக எரிந்தன. மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். ஏழாவது சீட்டு, 412. வைத்தாரா, வைக்கவில்லையா, 'உஸ்' என்று ஒரு சத்தம்தான் கேட்டது. நெருப்பு ஊர்ந்து வரவில்லை, ஒரே பாய்ச்சல். கையை எடுப்பதற்குள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெந்துவிட்டன.

ஐயோ, அந்தத் திரி பாய வேண்டுமென்று வேண்டினவள் நான்தானே! நான்தானே!

அத்தை அலறினார்கள். மாமா "போதும்லே, போதும்! எந்திரி!" என்று கத்தினார். இவர் கையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு, "நாப்பதும் முடியட்டும்பா" என்றார். "ஒண்ணு பாய்ஞ்சா அது தற்செயல்னு நாளைக்கே உங்களுக்குத் தோணும். எனக்கும் தோணும். முடியட்டும்."

வலது கை வாளிக்குள். அய்யாதுரை அண்ணாச்சி இடுக்கியால் திரியைப் பிடிக்க, மீதி முப்பத்து மூன்றையும் இடது கையாலேயே கொளுத்தினார். இன்னும் மூன்று பாய்ந்தன. மொத்தம் நாற்பதில் நான்கு.

இரண்டு வருஷமாக இவரைத் தைரியமில்லாத மனுஷன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த நோட்டில்கூட அங்கங்கே எழுதியிருப்பேன். தேடி அடிக்க வேண்டும்.

மாமா கல்லுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு, "நாளைக்குச் செருகுறதை நிப்பாட்டு" என்றார் அய்யாதுரை அண்ணாச்சியிடம்.

16 செப்டம்பர், சனி

டாக்டர் கட்டுப் போட்டிருக்கிறார். மூன்று வாரம் பேனா பிடிக்கக் கூடாது.

பரீட்சைக்கு இன்னும் இரண்டு நாள்.

ராமுத்தாய் வாசலில் வந்து நின்று அழுதாள். "கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே தாயி. சீசன் வேலைக்கு வந்ததுக தாளைத் தளத்திச் சுத்திருதுக. அந்தத் தொளதொளப்புலதான் தீ பாயும். விரல்ல உருட்டினாலே எனக்குத் தெரியும். எல்லாருமா சேந்து என்னைய சாமிக் கட்டு மட்டும் பாக்கச் சொன்னீக, நான் அதை மட்டும் பாத்தேன்."

இன்று காலையிலிருந்து அவளும் அவள் சொல்லிக்கொடுத்த பதினொரு பேரும் முப்பத்திரண்டாயிரம் திரியையும் விரலில் உருட்டிப் பார்க்கிறார்கள்.

18 செப்டம்பர், திங்கள்

போகாதீர்கள் என்றேன். கேட்கவில்லை. ஆறு மணி பஸ்ஸில் விருதுநகர் போய், பரீட்சை ஹாலில் இடது கையால் எழுதிவிட்டு வந்திருக்கிறார். சொல்லச் சொல்ல எழுத ஆள் வேண்டுமென்றால் முன்கூட்டியே மதராசுக்கு எழுதி அனுமதி வாங்கியிருக்க வேண்டுமாம்.

மூன்று மணி நேரத்தில் இரண்டு கணக்கு. "எட்டுக் கேள்வியும் தெரியும் பொன்னு" என்றார். "முதக் கேள்வியே டீவியேஷன்தான். பல்பு." சிரித்தார். நான் உள்ளே போய்விட்டேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. யார்மேல் ஆத்திரம் என்று தெரியவில்லை. இந்த மனுஷன் மூன்றாவது தடவை கணக்குத் தெரியாமல் பெயிலாகவில்லை, அதை எந்தப் பேப்பரில் அச்சடிப்பார்கள்?

27 செப்டம்பர், புதன்

திரி பொறுக்கி முடித்தார்கள். கழித்தது 2,764. நூற்றுக்கு ஒன்பது என்று நான் போட்டு வைத்திருந்தது 2,880. இவரிடம் காட்டினேன். "பக்கத்துலதான் வந்திருக்கு" என்றார், ஏதோ மழை வருமா வராதா என்று சொல்லுகிற மாதிரி. இப்போது இவர் அப்படிப்பட்ட எண்களோடு சிநேகமாகிவிட்டார்.

பதினொரு நாள் தாமதம். பாதி ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டதாக நாக்பூரிலிருந்து தந்தி. மாமா படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இன்றைக்குச் சாத்தூர் மாப்பிள்ளை வந்து போனார். உள்ளறையில் இரண்டு மணி நேரம் பேச்சு. காப்பி கொண்டு போனபோது பேச்சு நின்றது.

30 அக்டோபர், திங்கள்

ரிசல்ட். 22 மார்க்.

அத்தை பாயசம் வைக்கப் பால் வாங்கியிருந்தார்கள், அதை உறை ஊற்றிவிட்டார்கள். இவர் வழக்கம்போல் கம்பெனிக்குப் போனார். மாமா ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருக்கலாம். வாய்விட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

1 நவம்பர், புதன்

மாமா சிவகாசிக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தார். அச்சாபீசில் ஏதோ வேலை என்றார். புது லெட்டர் பேப்பராகத்தான் இருக்கும். யார் பெயர் போட்டு?

3 நவம்பர், வெள்ளி

பூசைக்குப் போனோம். நார்ப்பெட்டி, சீட்டு, எல்லாம் ஏற்கெனவே வைத்திருந்தது. யாரும் சொல்லவில்லை, அதுவே வழக்கமாகிவிட்டது.

மாமா கக்கத்திலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். லெட்டர் பேப்பர் இல்லை. புதுச் சோதனை நோட்டு, சிவகாசியில் அச்சடித்து பைண்டு பண்ணினது. பழைய நோட்டில் கடைசிக் கட்டத்தில் 'சராசரி' என்று இருக்கும். இதில் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம், இன்னும் தடித்த எழுத்தில்: 'ஆகக் குறைந்தது'.

என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் சொல்ற அந்த இங்கிலீசுப் பேரு என் வாயில நுழையல. எனக்குப் புரிஞ்சதைப் போட்டிருக்கேன். சரிதானத்தா?"

சரிதான் மாமா என்றேன்.

அடியில் 'சோதித்தவர்' என்று ஒரு கோடு. அதன் கீழே பெயரையும் அச்சடித்துவிட்டார்: வெள்ளைத்துரை. அதற்குப் பிறகு பி.காம். இல்லை, ஒன்றும் இல்லை, முற்றுப்புள்ளிதான். இடுப்பிலிருந்து கோடவுன் சாவியை எடுத்து நோட்டின் மேல் வைத்தார். "கையெழுத்துப் போடுலே. உன் கையெழுத்து இல்லாம இனி ஒரு கட்டு வெளிய போகப்படாது."

இவர் கட்டைவிரல் இன்னும் மடங்கவில்லை. பேனாவை நடுவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் செருகிக்கொண்டு போட்டார். கோணலாக விழுந்தது. மாமா குனிந்து அந்த மையை ஊதிக் காயவைத்தார்.

7 நவம்பர், செவ்வாய். தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தாகிவிட்டது. முதல் வெடி எப்போதும் மாமாதான் வைப்பார். இன்று இவரிடம் கொடுத்தார். எங்கள் சொந்தச் சரக்கு அணுகுண்டு. இவர் இடது கையால் வைத்துவிட்டு ஓடி வந்தார். கடிகாரம் உள்ளே மேசைமேல் இருந்தது. நானும் மாமாவும் அத்தையும் யாரும் யாரையும் பார்க்காமல் வாய்க்குள் எண்ணிக்கொண்டு நின்றோம். ஐந்தில் இவர் படியேறிவிட்டார். ஏழில் வெடித்தது.

மாமா மட்டும் கொஞ்சம் சத்தமாகவே எண்ணிவிட்டார்.